ப்ரோ பாக்ஸிங்கில் எடை இறக்குவதும் எடை காட்டுவதும்: முதல் சண்டைக்குப் போகிறவர்களுக்கு

அமெச்சூரில் வருஷக்கணக்காக ஆடிவிட்டு ப்ரோ பாக்ஸிங்குக்குப் போகிறவர்களுக்கு, ரிங்குக்குள் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. தராசில் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை உட்கார்ந்து விளக்க யாரும் கிடைப்பதில்லை. என் தம்பி அமெரிக்காவில் ப்ரோ ஆனபோது ஒப்பந்தம், ரத்தப் பரிசோதனை, எடை, சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் கூடவே அலைந்தவன் நான். ஒவ்வொன்றையும் நாலு பேரைக் கெஞ்சிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். அமெரிக்க நடைமுறையை வைத்தே சொல்கிறேன். டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப். மாதிரியான பட்டம் வழங்கும் அமைப்புகள் தங்கள் விதியை எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே கொண்டுவரும்.

எடையைக் கேம்ப்பிலேயே, அதாவது சண்டைக்கு முந்தைய பயிற்சி வாரங்களிலேயே, இறக்கிவிட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி ராத்திரிக்கு என்று நாலு கிலோ மிச்சம் வைப்பவர் தன் உயிரோடு விளையாடுகிறார். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த நிலைமை வராமல் இருப்பதற்காகத்தான்.

1. எடைப்பிரிவை நீங்களே முடிவு செய்யுங்கள்

அமெச்சூர் எடைப்பிரிவும் ப்ரோ எடைப்பிரிவும் ஒன்றல்ல. அமெச்சூர் பாக்ஸிங்கை நடத்தும் வேர்ல்ட் பாக்ஸிங் அமைப்பில் ஆண்களுக்கு 50, 55, 60, 65, 70 என்று கிலோவில் ஐந்தைந்தாக ஏறும். ப்ரோவில் எல்லாமே பவுண்டு: ஃபெதர்வெயிட் 126, லைட்வெயிட் 135, சூப்பர் லைட்வெயிட் 140, வெல்டர்வெயிட் 147, மிடில்வெயிட் 160 என்று போகும். அமெச்சூரில் 65 கிலோவில் ஆடியவர் ப்ரோவுக்கு வந்தால் 143 பவுண்டு சொச்சம். 140-க்கும் 147-க்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். அந்த இடத்தில் எல்லோரும் "140-க்கு இறங்கு, நீதான் பெரிய ஆளாக இருப்பாய்" என்பார்கள். உடம்பு உங்களுடையது, முடிவும் உங்களுடையதாக இருக்கட்டும்.

சண்டை எதுவும் இல்லாத சாதாரண நாட்களில், காலையில் கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, வெறும் வயிற்றில் ஒரு வாரம் எடை பாருங்கள். அதன் சராசரிதான் உங்கள் உண்மையான எடை. பிரிவின் வரம்புக்கு மேல் அது 8 சதவீதத்துக்குள் இருந்தால் அந்தப் பிரிவு சரிப்படும். 12, 13 சதவீதம் மேலே இருந்தால் அடுத்த பிரிவுக்குப் போங்கள். இது என் அளவுகோல், கொஞ்சம் கண்டிப்பானது என்று தெரியும். தளர்த்துவதாக இல்லை.

2. ஒப்பந்தத்தில் எடைப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள்

கையெழுத்துப் போடும்முன் இவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எத்தனை பவுண்டு, அதற்கு மேல் அரை பவுண்டோ ஒரு பவுண்டோ சலுகை உண்டா, எடை பார்க்கும் நாளும் நேரமும், எடை தவறினால் எவ்வளவு பிடிப்பார்கள். பட்டத்துக்கான சண்டையில் சலுகையே கிடையாது. 147 என்றால் 147, 147.2 வந்தாலும் தவறியதுதான். கலப்புச் சண்டையான எம்.எம்.ஏ.யில் சாதாரணச் சண்டைக்கு ஒரு பவுண்டு தள்ளுபடி இருப்பதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பிரிவுக்கு நடுவில் ஒரு எண்ணைப் போட்டு, 143, 144 என்று ஒப்புக்கொள்வதும் உண்டு. கேட்ச்வெயிட் என்பார்கள். சாதாரணச் சண்டைகளில் இது சகஜம். உங்களுக்கு ஒத்துவருகிற எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பெரிய சண்டைகளில் இன்னொரு வரியும் வரும். எடை காட்டி முடித்து, மறுநாள் சண்டையன்று காலையில் இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அது. 2019 மே மாதம் கானலோ ஆல்வரெஸுடன் மோதிய டேனியல் ஜேக்கப்ஸுக்கு 160 பவுண்டு சண்டை, மறுநாள் காலை வரம்பு 170. அவர் 173.6 இருந்தார். சண்டை நடந்தது, அபராதமும் விழுந்தது.

புதியவர்களை அதிகம் விழவைக்கும் பொறி இதுவல்ல. பத்து நாளுக்கு முன் ஒரு போன் வரும். "எதிராளி விலகிவிட்டான், நீ வருகிறாயா? 135-தான்." உங்கள் எடை அப்போது 148. பணம் தேவை, வாய்ப்பும் பெரிதாகத் தெரியும். எங்களுக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தது. எடையை 142 ஆக்கினால் வருகிறோம் என்றோம். முடியாது என்றார்கள், போகவில்லை. அடுத்த மாதம் அதே ஆட்கள் வேறு சண்டைக்குக் கூப்பிட்டார்கள்.

3. காகிதங்களை எடைக்கு முன்பே முடித்துவிடுங்கள்

அமெரிக்காவில் ப்ரோ பாக்ஸருக்கு அடையாள அட்டை சட்டப்படி கட்டாயம். சண்டைகளை மேற்பார்வையிடும் மாநில பாக்ஸிங் கமிஷன் தரும். வெளிநாட்டிலிருந்து போகிறவர் கமிஷன் உள்ள எந்த மாநிலத்திலும் பதிவு செய்துகொள்ளலாம். அந்த அட்டையை எடை பார்க்கும் நேரத்துக்குள் கமிஷனிடம் காட்டியாக வேண்டும். எடை சரியாக இருந்தும் அட்டையை வீட்டில் விட்டுவந்து திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் வையுங்கள்.

அப்புறம் மருத்துவக் காகிதங்கள். மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் மாறும். பொதுவாகக் கேட்பவை: ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ரத்தப் பரிசோதனை, கண்மணியை விரித்துப் பார்க்கும் கண் பரிசோதனை, முழு உடல் பரிசோதனை, பல இடங்களில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார்கள்.

இவற்றை எடுக்கும் வரிசை முக்கியம். எம்.ஆர்.ஐ. முதலில். அதற்கு நேரம் வாங்குவதும் அறிக்கை வருவதும்தான் அதிக நாள் இழுக்கும். ரத்தப் பரிசோதனை கடைசியில். சில மாநிலங்கள் 30 நாளுக்குள் எடுத்ததையே ஏற்கும், சில இடங்களில் ஆறு மாதம் செல்லும். முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, மறுபடி காசு கட்டி எடுப்பது வீண். எடை இறக்கும் கடைசி வாரத்தில் எந்தப் பரிசோதனையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் குறைந்த உடம்பில் சிறுநீரக அளவுகள் மாறிக் காட்டும், டாக்டர் மேலும் நாலு கேள்வி கேட்பார்.

செலவு என்று பார்த்தால் லைசென்ஸ் கட்டணமும் அட்டைக் கட்டணமும் சின்னத் தொகைகள். காப்பீடு இல்லாமல் எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் பெரிய அடி. சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். பெரிய ஆஸ்பத்திரியைவிட தனி ஸ்கேன் மையத்தில், ரொக்கமாகக் கட்டினால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், கணிசமாகக் குறையும். சின்ன அரங்குகளில் நாலு ரவுண்டு ஆடும் புதியவருக்குக் கிடைப்பது மொத்தமே ஆயிரம் டாலர் அளவுதான். அதிலும் பயிற்சியாளருக்கு வழக்கமாக 10 சதவீதம் போய்விடும். ஆகவே ஸ்கேன் செலவை நிகழ்ச்சி நடத்தும் ப்ரோமோட்டர் ஏற்பாரா என்பதையும் ஒப்பந்தப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

4. நல்ல தராசு ஒன்று வாங்குங்கள்

டிஜிட்டல் தராசு, பவுண்டில் 0.1 வரை காட்ட வேண்டும். ஜிம்மிலிருந்து 20 கிலோ தட்டு ஒன்றை அதன்மேல் வைத்துச் சரிபாருங்கள், 44.1 பவுண்டு காட்ட வேண்டும். ஹோட்டலில் கம்பளத்தின்மேல் வைத்தால் தராசு தப்பாகக் காட்டும். பாத்ரூம் டைல்ஸ் தரையில் வையுங்கள், நான்கு காலும் சமமாக நிற்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள்.

கிலோவில் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 147 பவுண்டு என்பது 66.68 கிலோ. உங்கள் தராசு 66.7 என்று காட்டினால் நீங்கள் 147.05, அதாவது தவறிவிட்டீர்கள். ஃபெதர்வெயிட்டிலும் அப்படித்தான்: 126 பவுண்டு என்பது 57.15 கிலோ, 57.2 காட்டினால் மேலே போய்விட்டது. கடைசி இரண்டு வாரம் பவுண்டில் மட்டும் பாருங்கள்.

5. எட்டு வாரக் கணக்கு

147 பவுண்டு சண்டை, இப்போது 160 என்று வைத்துக்கொள்வோம். கிலோவில் 72.6-லிருந்து 66.7-க்கு, கிட்டத்தட்ட 6 கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் ஏழு, எட்டு வாரத்தில் நாலு கிலோ கொழுப்பாகவே போக வேண்டும். மிச்சம் இரண்டுக்கும் குறைவு. அது கடைசி வாரத்தில் சாப்பாட்டை மாற்றினாலே இறங்கிவிடும்.

வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்கினால் தசையும் சேர்ந்து போகிறது என்று அர்த்தம். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சி மோதலில், கை கனக்கும், தூக்கம் கெடும். புரதத்தைக் குறைக்காதீர்கள். கிலோவுக்கு 2 கிராம் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயையும் இனிப்பையும் குறையுங்கள். சோற்றைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சாப்பிட்டு, ராத்திரியில் அளவாக வையுங்கள். நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே இதைச் செய்யலாம். முட்டை, மீன், கோழி, பருப்பு, மோர் போதும். சாப்பாட்டை விடக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது ஸ்பாரிங் நாள்.

டபிள்யூ.பி.சி. பட்டச் சண்டை என்றால் இடையிலேயே எடை காட்ட வேண்டும். 30 நாளுக்கு முன் வரம்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 7 நாளுக்கு முன் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 147-க்கு அது 161.7, அப்புறம் 154.3. பட்டச் சண்டை இல்லாதவர்களும் இந்த இரண்டு எண்ணையும் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரு வாரம் இருக்கும்போது 154.3-க்கு மேலே இருந்தால் மேனேஜரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எடையைப் பேசி மாற்ற அப்போதுதான் நேரம் இருக்கும்.

பெண்களுக்கு ஒன்று. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் தேங்கி ஒன்றிரண்டு கிலோகூட ஏறிக் காட்டலாம். சண்டைத் தேதி கிடைத்த உடனே நாட்காட்டியில் அதையும் குறித்து, அந்த வாரத்துக்கு இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள். ஆண் பயிற்சியாளர் கேட்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

6. கடைசி வாரம்

உடம்பில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன், ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, சப்பாத்தி, பழத்தைக் கடைசி மூன்று நான்கு நாள் குறைத்தால் அந்தத் தண்ணீரும் தானாக வெளியேறும். அதே நாட்களில் நார்ச்சத்தைக் குறையுங்கள். கீரை, கொண்டைக்கடலை, கேழ்வரகு எல்லாம் நல்ல சாப்பாடுதான், ஆனால் குடலில் எடையாகத் தங்கும். முட்டை, மீன், கொஞ்சம் வெள்ளைச் சாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்த வாரம் வேண்டாம், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். இந்த மூன்றும் சேர்ந்தாலே ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கும்.

இதற்கு மேல் இறக்க வேண்டியிருந்தால் கணக்கு ஐந்தாம் படியில் தப்பியிருக்கிறது. அங்கேதான் பிளாஸ்டிக் உடை, சானா, வெந்நீர்த் தொட்டி எல்லாம் வரும். நான் அவற்றைச் சொல்லித்தரப் போவதில்லை. 2018 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஹோசே ராமிரெஸுடன் பட்டத்துக்கு மோதவிருந்த டேனி ஓ'கானர், எடை காட்ட வேண்டிய நாளில் நீர்ச்சத்து இழந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சண்டையே ரத்தானது. பட்டம் வரை போன, சுற்றிலும் அனுபவசாலிகள் இருந்த ஆளுக்கே அந்த நிலைமை.

மாத்திரைகள் பக்கமே போகாதீர்கள். சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைட் மாதிரியானவை ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் எப்போதும் உண்டு. பரிசோதனையில் பிடிபட்டால் வருஷக்கணக்கில் தடை. நிலாவாகைச் சூரணம் நாட்டு மருந்துதானே என்று சிலர் கடைசி நாளில் எடுக்கிறார்கள். பேதியில் போவது தண்ணீரும் உப்புச் சத்துகளும்தான். மறுநாள் ரிங்கில் காலில் பிடித்துக்கொள்ளும்.

தலைசுற்றல், வியர்வை நின்றுபோவது, பேச்சுக் குழறுவது, பல மணி நேரமாகச் சிறுநீர் வராமல் இருப்பது, நெஞ்சுப் படபடப்பு: இதில் ஒன்று வந்தாலும் எடையை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பாக்ஸர் வேண்டாம் என்பார். கூட இருக்கிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். அதனால் கடைசி இரண்டு ராத்திரி அவரைத் தனி அறையில் விடாதீர்கள்.

7. எடை காட்டும் நாள்

ப்ரோவில் எடை பார்ப்பது பெரும்பாலும் சண்டைக்கு முந்தைய நாள். பெரிய நிகழ்ச்சிகளில் காலையில் ஹோட்டலுக்குள் அதிகாரபூர்வமாகப் பார்த்துவிட்டு, மாலையில் ரசிகர்கள் முன்னால் மேடையில் ஒரு தடவை ஏற்றுவார்கள். மேடையில் நடப்பது வெறும் காட்சி. கணக்கில் வருவது காலையில் வந்த எண் மட்டும்தான். எந்த நேரம் என்று கமிஷன் ஆளிடமே நேரில் கேளுங்கள். எங்களுக்கு ஒரு தடவை நிகழ்ச்சி நடத்தியவர்கள் மாலை நேரத்தை மட்டும் அனுப்பியிருந்தார்கள். முந்தின நாள் ராத்திரி தற்செயலாகக் கேட்டபோதுதான் காலை ஒன்பது மணி என்று தெரிந்தது.

கமிஷன் தராசை முன்னாலேயே சோதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். உங்கள் தராசுக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொண்டால் மனசு நிலைக்கும்.

பாக்ஸர் உள்ளாடையோடு ஏறுவார். இழுபறியாக இருந்தால் அதையும் கழற்றச் சொல்லி, இரண்டு பேர் சுற்றி டவலைப் பிடிப்பார்கள். சங்கிலி, அரைஞாண் கயிறு, கைக்கயிறு எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றிவிடுங்கள். ஏறும்போது எதிராளியின் ஆள் பக்கத்தில் நின்று பார்ப்பார், அது அவர்கள் உரிமை. எதிராளி ஏறும்போது நீங்களும் போய் நில்லுங்கள். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அவர் பாதம் இரண்டும் முழுதாகத் தராசின்மேல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதிகாரி எண்ணைச் சத்தமாகச் சொல்லும்வரை யாரும் தராசைத் தொடக் கூடாது.

அதே நாளில் கமிஷன் டாக்டர் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்ப்பார். தண்ணீர் வற்றிய உடம்பில் நாடி எகிறும். அவர் முடியாது என்றால் எடை சரியாக இருந்தும் சண்டை கிடையாது.

8. எடை தவறினால்

பட்டச் சண்டைகளில் மறுபடி ஏற இரண்டு மணி நேரம் தருவார்கள். ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம் என்பது கிடையாது. நெவாடாவில் 145 பவுண்டும் அதற்குக் கீழும் இருப்பவர் அந்த நேரத்தில் 2 பவுண்டுக்கு மேலும், அதற்கு மேலே இருப்பவர் 3 பவுண்டுக்கு மேலும் இறக்கக் கூடாது. அரை பவுண்டு என்றால் முயற்சி செய்யலாம். இரண்டரை பவுண்டு என்றால் ஓடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள்.

எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால் பர்ஸில், அதாவது சண்டைக்கான சம்பளத்தில், ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுச் சண்டை நடக்கும். 20 சதவீதம் என்பது அடிக்கடி காதில் விழும் அளவு. ஒப்புக்கொள்ளாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உங்கள் எதிராளி தவறினாலும் இதே கணக்கு. உடனே சரி என்று தலையாட்டாமல், எவ்வளவு தருவான், நாளைக் காலையில் எத்தனை பவுண்டுக்குள் இருப்பான் என்பதைக் கமிஷன் முன்னால் எழுதி வாங்குங்கள்.

பட்டம் இருந்தால் அது தராசிலேயே போய்விடும். 2018-ல் டோக்கியோவில் ஷின்சுகே யமனாகாவுடன் மோதவந்த லூயிஸ் நேரி, 53.5 கிலோ பிரிவுக்கு முதலில் 55.8-ம் அப்புறம் 54.8-ம் காட்டினார். சண்டையில் ஜெயித்தார், பட்டத்தை இழந்தார். சவால் விடுபவர் தவறினால் ஜெயித்தாலும் பட்டம் வராது. 2024-ல் டெவின் ஹேனியோடு மோதிய ரயன் கார்சியா 140-க்கு 143.2 காட்டியதால் அந்த வாய்ப்பை இழந்துதான் ரிங்கில் ஏறினார்.

9. தராசிலிருந்து இறங்கியதும்

கையில் பை தயாராக இருக்க வேண்டும்: ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், தண்ணீர், வாழைப்பழம், உப்புப் போட்ட கஞ்சி ஒரு பிளாஸ்க்கில். கடைசி நாளில் எவ்வளவு எடை தண்ணீராகப் போனதோ அதைப்போல ஒன்றரை மடங்கு குடிக்க வேண்டும். ஒரு கிலோ போயிருந்தால் ஒன்றரை லிட்டர். மடமடவென்று குடித்தால் அத்தனையும் சிறுநீராகப் போய்விடும். கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் என்று மாலை வரை குடிக்கட்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பு சேர்ந்தால்தான் உடம்பில் நிற்கும்.

சாப்பாடு இட்லி, வெள்ளைச் சாதம், ரசம், பழம், கொஞ்சம் கோழி என்று பிரித்துப் பிரித்து. நண்பர்கள் பிரியாணியோடு வந்து நிற்பார்கள். அவ்வளவு எண்ணெயை அந்த வயிறு தாங்காது, சண்டை முடிந்த பிறகு சாப்பிடலாம். டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்காக அல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது ஊக்கமருந்து விதிப்படி தடை.

ஒரே நாளில் உடம்பு முழுக்கத் திரும்பிவிடும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் குறைந்த நிலையில் தலையில் வாங்கும் அடியைப் பற்றித்தான் இந்தத் தொழிலில் டாக்டர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். எதிராளி எவ்வளவு ஏறி வருகிறான் என்பதும் உங்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் 141 பவுண்டு சண்டைக்கு எடை காட்டிய ஆர்ட்டுரோ காட்டி, மறுநாள் ரிங்கில் ஏறும்போது 160 இருந்தார். இரண்டாம் ரவுண்டில் விழுந்த ஜோயி கமாஷ் அதன்பின் சண்டை போடவே இல்லை.

10. சண்டையன்று காலையும், அதன் பிறகும்

ஐ.பி.எஃப். பட்டச் சண்டை என்றால் அன்று காலையில் இன்னொரு முறை எடை பார்ப்பார்கள். வரம்பைவிட 10 பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 147-க்கு 157. 2017-ல் ஜெனடி கோலோவ்கினோடு மோதியபோது டேனியல் ஜேக்கப்ஸ் இந்தக் காலை எடைக்குப் போகவில்லை, அதனால் ஜெயித்திருந்தாலும் ஐ.பி.எஃப். பட்டம் அவருக்குக் கிடைத்திருக்காது. முந்தின ராத்திரி சாப்பாட்டை அதற்கேற்ப வையுங்கள். படுக்கும்முன் ஒரு தடவை தராசில் ஏறிப் பார்ப்பது நல்லது. தூங்கி எழும்போது ஒன்றிரண்டு பவுண்டு தானாகக் குறைந்திருக்கும்.

சண்டை முடிந்ததும் ரிங் டாக்டர் பரிசோதித்து, இத்தனை நாள் ஓய்வு என்று கமிஷனில் பதிவு செய்வார். நாக் அவுட் ஆனவருக்கு அது நீளும், சில சமயம் புதிதாக மூளை ஸ்கேன் எடுத்துக் காட்டினால்தான் நீங்கும். ஒரு மாநிலம் போட்ட மருத்துவ ஓய்வை மற்ற மாநிலங்களும் மதிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாளின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கி, அடையாள அட்டை இருக்கும் அதே உறையில் வையுங்கள். அடுத்த சண்டைக்குத் தேதி பேசும்போது அந்த ஓய்வு முடியும் நாளிலிருந்து எட்டு வாரம் எண்ணிக்கொண்டு பேசுங்கள்.